ஐந்தாம் பிரதியில் நான் செய்த திருத்தம்

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் உடம்பளவில் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் எல்லா அளவிலும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லிவிடக்கூடிய விஷயத்துக்கு இவன் ஏன் காகிதத்தை எடுத்தான் என்று நினைப்பாய். போனில் நீ "சொல்லுண்ணா" என்பாய். அதற்குப் பிறகு எனக்கு வாய் வராது. இந்த வாரம் நான்கு முறை கூப்பிட்டு நான்கு முறையும் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்தது இதனால்தான். இங்கே மழையும் பெய்யவில்லை.

கடைசியாக உறுதியான தகவல் இது: நீ எனக்குத் தந்த மரச்செதுக்கு அச்சுப்படத்தில், மலைக்கும் வானத்துக்கும் நடுவே ஏறியிருக்கும் நீலப் பென்சில் கோடு இனி அழியாது. தகவல் தந்தவர் கடைத்தெரு முனையில் படங்களுக்குச் சட்டம் போடுகிறவர். இந்தத் தொழிலில் முப்பத்தோரு வருஷம். நேரம் இன்று, புதன்கிழமை, காலை பதினொன்று இருபது. ஒரு முறை சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளும் பழக்கம் எனக்கு இல்லாததால் இரண்டாம் முறையும் கேட்டேன். "சார், வெறும் பென்சிலா இருந்தா ரப்பர் போட்டுப் பாக்கலாம். நீங்க எச்சில் தொட்டு இழுத்திருக்கீங்க. காகிதம் குடிச்சிடுச்சு" என்றார். கடையில் அப்போது வேறு மூன்று பேர் இருந்தார்கள். மூன்று பேரும் என் வாயைப் பார்த்தார்கள்.

கோட்டைப் போட்டவன் நான்தான். ஐந்து மாதத்துக்கு முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை, முழு நினைவோடு போட்டேன்.

போன வியாழக்கிழமை நீ கூப்பிட்டு, "அண்ணா, கண்காட்சி வச்சிருக்கேன். அந்த மலைப்படத்துல ஒன்பது பிரதி போட்டேன்ல, எட்டும் கைமாறிப்போச்சு. உன்கிட்ட இருக்கறதுதான் பாக்கி. அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கறேன், ரெண்டு வாரத்துல திருப்பிக் குடுத்துடறேன்" என்றாய். நான் "அதுக்கென்னம்மா, வந்து எடுத்துக்கோ" என்றேன். நினைவிருக்கிறதா, எவ்வளவு கம்பீரமாகச் சொன்னேன்? சொல்லும்போது அந்தப் படம் எனக்கு எதிரே சுவரில் இருந்தது. உன் அண்ணி சமையலறை வாசலில் நின்று தலையில் கை வைத்தாள். அன்றிலிருந்து இந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்ற வார்த்தையை யாரும் சொல்வதில்லை. சனிக்கு அடுத்த நாள் என்கிறோம்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். நான்கு வருஷத்துக்கு முன்பு நான் பத்திரிகை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வாரம், நீ ஒரு நீளமான அட்டைக் குழாயோடு வந்தாய். உள்ளே இந்தப் படம். ஒரு நிறத்துக்கு ஒரு பலகை, மொத்தம் ஐந்து பலகை, ஏழு மாத வேலை என்றாய். நான் விரித்துப் பார்த்தேன். மேலே அழுக்கு மஞ்சள். அதன் கீழே சரிந்து இறங்கும் செங்கபிலம். அதற்கும் கீழே கறுப்பில் போய் முடியும் பச்சை. பச்சைக்கு மேலே, அகலம் முழுக்க, ஆப்பு அடித்த மாதிரி ஒரு நீலம். மரம் இல்லை, வீடு இல்லை, ஆள் இல்லை, ஆடு மாடு இல்லை. "இது எந்த ஊரும்மா?" என்று கேட்டேன். "எந்த ஊரும் இல்லண்ணா. சும்மா பாரு, போதும்" என்றாய். சும்மா பார் என்றால் எனக்கு என்ன தெரியும்? முப்பத்தெட்டு வருஷம் ஊரும் தேதியும் இல்லாத எதையும் நான் கையால் தொட்டதில்லை. "ரொம்ப நல்லாருக்கு" என்று சொல்லி, சுருட்டி, குழாயில் போட்டு, பீரோவின் மேல் வைத்தேன். மூன்று வருஷத்துக்கு மேல் அங்கேயே இருந்தது. நீ வந்த போதெல்லாம் "சட்டம் போடக் குடுத்திருக்கேன்" என்று சொன்னது பொய். ஐந்து முறை சொன்னேன்.

எட்டு மாதத்துக்கு முன்பு கூடத்துச் சுவரில் ஈரம் இறங்கி, காரை பெயர்ந்து, பூசின இடம் ஒரு முகம் மாதிரி ஆகிவிட்டது. வருகிறவர்கள் அதையே பார்த்தார்கள். மறைக்க ஏதாவது வேண்டும் என்று உன் அண்ணி சொன்னாள். அப்போதுதான் குழாய் ஞாபகம் வந்தது. ஆம், அந்தக் கறையை மூடத்தான் உன் படம் எங்கள் சுவருக்கு வந்தது. இதை எழுதக் கூசுகிறது, ஆனால் எழுதிவிட்டேன். சட்டத்துக்குக் கடைக்குப் போகவும் இல்லை. எனக்கு ஓய்வின்போது கொடுத்த வாழ்த்து மடலின் சட்டம் வீட்டில் இருந்தது. மடலை எடுத்துவிட்டு உன் படத்தை உள்ளே வைத்துப் பார்த்தேன். படம் நான்கு விரல்கடை உயரம் கூடுதலாக இருந்தது. மற்றவர்கள் இந்த இடத்தில் வேறு சட்டம் வாங்கப் போவார்கள். நான் ஸ்டீல் ஸ்கேலையும் பிளேடையும் எடுத்தேன்.

பத்திரிகை அலுவலகத்தில் படம் பெரிதாக இருந்தால் இடத்தைப் பெரிதாக்க மாட்டார்கள். படத்தை வெட்டுவார்கள். எத்தனையோ மந்திரிகளை நான் காதுவரை வெட்டியிருக்கிறேன். உன் படத்தின் அடியில் வெறும் வெள்ளைக் காகிதம் கொஞ்சம் இருந்தது. அதில் பென்சிலால் ஒரு பக்கம் 5/9 என்றும் மறுபக்கம் உன் கையெழுத்தும். ஒன்பதில் ஐந்தாம் பிரதி என்று எனக்குப் புரிந்தது. புரியாமல் வெட்டினேன் என்று சொல்லி நான் தப்பிக்க வழியில்லை. அச்சகத்தில் ஓரத்தில் எழுதுகிற எண்ணும் குறியும் வாசகரிடம் போகாது, வெட்டித்தான் அனுப்புவோம். அந்தப் பழக்கத்தில் கை தன்னால் ஓடிவிட்டது. நேராக, சுத்தமாக வெட்டினேன். வெட்டின துண்டு நல்ல கெட்டிக் காகிதம் என்று உன் அண்ணி எடுத்து வைத்துக்கொண்டாள். போன வெள்ளிக்கிழமை வீடு முழுக்கத் தேடியதில், சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்தது. உன் கையெழுத்தின் பின்னால் குழாய் ரிப்பேர்க்காரரின் போன் நம்பர் இருக்கிறது. இரண்டு நம்பர்.

மாட்டிய பிறகு தொல்லை வேறு வழியில் வந்தது. வருகிறவர்கள் எல்லோரும் "இது எந்த இடம்?" என்று கேட்டார்கள். "எந்த இடமும் இல்லை" என்று நீ சொன்னதைச் சொல்லிப் பார்த்தேன். அவர்கள் என்னைப் பார்த்த பார்வை சரியில்லை. மூன்றாவது ஆளிடம், "இது வடக்கே ஒரு மலை. சாயங்காலம் அஞ்சே முக்காலுக்கு மூணாவது திருப்பத்துல நின்னா இப்படித் தெரியும்" என்றேன். ஆதாரம் இல்லாமல் ஒரு வரி அச்சேற்றாதவன் நான். ஒரு மலையையே கட்டிவிட்டேன். நான்காவது ஆளுக்கு அதன் உயரமும் சொன்னேன். ஐந்தாவதாக வந்தவர் கீழ்வீட்டுக்காரர், நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். உயரத்தைக் கேட்டதும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தருகே போனார்.

"சார், மலைன்னா சரிவு இப்படி வராது. இது மேல இருந்து பாத்த வயக்காடு."

"மலைதான். எங்க தங்கச்சியே சொன்னா."

"அவங்க போய் அளந்தாங்களா?"

உன் அண்ணி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "மலையும் இல்ல, வயலும் இல்ல. இஸ்திரி போட மடிச்சு வச்ச துணி. நான்தான் தினம் பாக்கறேனே."

அவர் அதன் பிறகு தினமும் காலையில் வந்து உட்கார ஆரம்பித்தார். நாங்கள் இருவரும் எதிர்ச் சுவரை ஒட்டிய நாற்காலிகளில் உட்கார்ந்து டீ குடித்தபடி உன் படத்தைப் பற்றிச் சண்டை போடுவோம். சண்டை போடப் பார்த்தாக வேண்டும். அப்படித்தான் நான் பார்க்கத் தொடங்கினேன்.

நான் பார்த்ததைச் சொல்கிறேன், சரியா என்று நீதான் சொல்ல வேண்டும். அந்த மஞ்சளில் மெல்லிசாக நீள ரேகைகள் ஓடுகின்றன. அவை நீ வரைந்தவை இல்லை என்று தெரிய எனக்குப் பத்து நாள் ஆயிற்று. பலகையின் ரேகை அது, மரம் வளர்ந்தபோது போட்டுக்கொண்டது. நீ அதை அழிக்காமல் மையைத் தடவி வானத்தில் காற்றாக்கிவிட்டாய். செங்கபிலம் மஞ்சளின் மேல் ஏறுகிற இடத்தில் ஒரு நிறம் வருகிறது. உன் ஐந்து பலகையிலும் இல்லாத நிறம். காலை ஏழேகால் வாக்கில் சன்னல் வெளிச்சம் படும்போது அது முன்னால் வந்து நிற்கும், எட்டு மணிக்குப் பின்வாங்கிவிடும். ஒரு நாள் பேப்பர் என் மடியில் விரித்தபடி கிடந்தது. அரை மணி நேரம் ஒரு தலைப்புக்கூடப் படிக்கவில்லை. இது எந்த ஊர் என்ற கேள்வியும் அந்த அரை மணி எனக்கு வரவில்லை. பேசாமல் அதோடு நிறுத்தியிருக்கலாம்.

ஆனால் பச்சை மலைக்கு மேலே, வானத்தின் அடி நீலம் தொடங்கும் இடத்தில், ஒரு வெள்ளைக் கோடு இருந்தது. நூலை விடக் கொஞ்சம் தடிமன். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வெறும் காகிதம். அதே பச்சையின் கீழ் ஓரத்தில் இரண்டு நிறம் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கறுத்திருந்தது. வண்ணப் பக்கங்களை அச்சேறும் முன் ஆயிரக்கணக்கில் சரிபார்த்தவன் நான். ரெஜிஸ்டர் விலகல் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. காகிதம் மயிரிழை நகர்ந்திருக்கிறது, பச்சை தன் இடத்தில் உட்காரவில்லை. முதல் வாரம் பொறுத்தேன். பிறகு அந்தக் கோடு கண்ணில் விழுந்த தூசி மாதிரி ஆகிவிட்டது. என் தங்கை படத்தில் ஒரு பிழை, வருகிறவன் எல்லாம் பார்க்கிறான், அவளுக்குத் தெரியாமல் சரிசெய்து வைத்துவிட்டால் அவளுக்குத்தானே கௌரவம் என்று நினைத்தேன். சத்தியமாக இப்படித்தான் நினைத்தேன். படத்தை வெளியே எடுத்தேன். வெள்ளைக் கோட்டைச் சுற்றியிருந்த நிறத்துக்குப் பொருத்தமாக நீலமும் கொஞ்சம் பச்சையும், அந்தக் காலத்தில் போட்டோவைத் திருத்துவது போலப் பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டு, ஒன்றே முக்கால் மணி நேரம் செய்தேன். கை நடுங்கவே இல்லை. அது ஒன்றுதான் எனக்குப் பெருமை, அதையும் இப்போது வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

மாட்டிவிட்டு எதிரே உட்கார்ந்தேன். படம் நின்றுபோயிருந்தது. எப்படிச் சொல்வது, எல்லா நிறமும் இருக்கிறது, எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கிறது, ஆனால் உள்ளே போக வழியில்லை. மறுநாள் கீழ்வீட்டுக்காரர் வந்தார். டீயைக் கையில் வைத்துக்கொண்டே படத்தருகே போய்க் குனிந்து பார்த்தார்.

"சார், மலைக்கு அந்தப் பக்கம் விடிஞ்சிட்டிருந்தது. இப்போ ஏன் மூடிட்டீங்க?" என்றார்.

"வயக்காடுன்னு சொன்னீங்களே?"

"சொன்னேன். அதை விடுங்க சார். ஏன் மூடினீங்க?"

பதிலை உன் அண்ணி சொன்னாள். "டாக்டர் எழுதின மருந்துச் சீட்டையே திருத்தினவர் இவர். மலையை விடுவாரா?" அவர் இப்போதும் வருகிறார், ஆனால் நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சன்னலைப் பார்த்து உட்காருகிறார்.

அந்த ஐந்து மாதமும் அந்தக் கோடு இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருந்தபோது எரிச்சலாக இருந்தது. போன பிறகுதான் அந்தப் படத்தில் அது என்ன வேலை செய்தது என்று தெரிந்தது. இன்று சட்டக் கடைக்காரரும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "சார், இது வேணும்னே விட்ட வெளிச்சம். இப்படிப்பட்ட கை தப்புப் பண்ணாது. எவனோ ஒரு கைகாரன் வந்து மூடியிருக்கான்" என்றார். அந்தக் கைகாரன் எதிரில்தான் நிற்கிறான் என்று சொல்ல வேண்டியதாயிற்று. எச்சில் பேச்சு அதன் பிறகு வந்தது.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதை எழுதாமல் இந்தக் கடிதத்தை முடித்தால் பாதி செய்தியை மறைத்ததாகும். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்பு உன் முதல் கண்காட்சிக்கு நீயே அறிவிப்பை எழுதி எடுத்துக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கு வந்தாய். மாடிப்படி அருகே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். அன்று அந்தப் பக்கம் என் பொறுப்பில் இருந்தது. பதினொரு வரியை மூன்று வரி ஆக்கினேன். எந்த அரங்கம், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, என்ன மாதிரிப் படங்கள் என்பதெல்லாம் வந்தது. படம் போட்டவர் பெயர் வரவில்லை. பக்கத்தில் பஸ் நேர மாற்றம் இருந்தது, இடமில்லை என்று உன்னிடம் சொன்னேன். இடம் இருந்தது. தங்கை என்பதால் போட்டான் என்று யாரும் என்னைச் சொல்லிவிடக் கூடாது என்பதுதான் காரணம். நீ மறுநாள் கூப்பிட்டு, "மூணு வரி வந்துச்சுண்ணா, தேங்க்ஸ்" என்றாய். உன் கண்காட்சி எதற்கும் நான் இதுவரை வராததற்கு வேலைதான் காரணம் என்று நீ நினைத்துக்கொண்டிருந்தால், அந்த நன்றிக்குப் பிறகு எனக்கு அங்கே வர முகம் இல்லை என்பதைத் தெரிந்துகொள்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை நீ வரும்போது சுவரில் காரை பூசின முகம்தான் உன்னை வரவேற்கும். படம் இப்போது வீட்டில் இல்லை. இன்று பகல் மூன்று மணிக்கு ஆவணக் காப்பகத்தில் பழைய காகிதங்களைச் செப்பனிடும் அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன், வெட்டின துண்டையும் சேர்த்து. அங்கே கூரை ஒழுகியபோது நான் செய்தி எழுதிய வகையில் பழக்கம். அவர் கோட்டைப் பார்த்தார், துண்டின் பின்னாலிருந்த போன் நம்பரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உறுதி சொல்ல முடியாது. ஓரத்துல ஒரு நெல்லளவு முயற்சி பண்ணிப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். நீ கண்காட்சியில் அந்த இடத்தைக் காலியாக விட்டாலும், என்னைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்டாலும், கேட்காமலே இருந்தாலும் எனக்குத் தகும். கேட்காமல் இருப்பதை மட்டும் தாங்க முடியுமா என்று தெரியவில்லை.

உன் கையும் கண்ணும் நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும். உன் உளிக்கு எந்த மரமும் முரண்டு பிடிக்காமல் இருக்கட்டும். மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல், விஷயத்தைச் சொல்லாதே.

தலை நிமிர்ந்து கையெழுத்திட முடியாத,
உன் அண்ணன்

பின்குறிப்பு: உறைக்குப் பசை தடவிக்கொண்டிருந்தேன். உன் அண்ணி வந்து, "யாருக்கு?" என்றாள். சொன்னேன். "அவகிட்ட நேத்தே பேசிட்டேனே" என்றாள். முழுவதையும் சொல்லிவிட்டாளாம், எச்சில் உட்பட. நீ என்ன சொன்னாய் என்று கேட்டு, வார்த்தை மாறாமல் திரும்பச் சொல்ல வைத்து, எழுதிக்கொண்டேன்: "அண்ணி, அது கெட்டுப்போன தாள். அஞ்சாவது போடும்போது கை நழுவிப் பச்சை நகந்துடுச்சு. மத்த எட்டுலயும் வெள்ளைக் கோடே கிடையாது. நம்பர் போட்டுட்டேன், தூக்கிப்போட மனசு வரல. அண்ணாவுக்கு எங்க தெரியப்போகுதுன்னு குடுத்துட்டேன். நாலு வருஷமா உறுத்துது. கண்காட்சின்னு ஒண்ணும் இல்ல அண்ணி. அந்தச் சாக்குல அதை வாங்கிட்டு, நான் வச்சிருக்கற நல்ல பிரதியை அவருக்குத் தெரியாம மாட்டிடலாம்னுதான்." இதைச் சொல்லிவிட்டு நீ சிரித்தாய் என்றும், பிறகு அழுதாய் என்றும் உன் அண்ணி சொல்கிறாள். அந்த வரிசையை மட்டும் என்னால் உறுதி செய்ய முடியவில்லை.

ஆக, ரெஜிஸ்டர் விலகல் என்று நான் கண்டது சரி. வேண்டுமென்றே விட்டது என்று முப்பத்தோரு வருஷ அனுபவம் சொன்னது தவறு. என் வாழ்நாளில் ஒரு பிழையைச் சரியாகப் பிடித்ததற்கு இவ்வளவு வருத்தப்பட்டதில்லை. மேலே உள்ள எதையும் நான் திருத்தவில்லை, திருத்துகிற வேலையை விட்டுவிட்டேன். நீ வெட்கப்படாதே, அந்த வெட்கம் முழுவதும் இந்த வீட்டிலேயே இருக்கட்டும். நல்ல பிரதியை எடுத்து வா, பார்க்க ஆசையாக இருக்கிறது. ஆனால் அதில் அந்தக் கோடு இருக்காது அல்லவா? எட்டிலும் இல்லை. உலகத்தில் ஒரே ஒரு தாளில்தான் மலைக்கு அந்தப் பக்கம் விடிந்திருக்கிறது, அதுவும் உன் கை நழுவியதால்.

காப்பகத்து அம்மாவைக் கூப்பிட்டு வேலையை நிறுத்தச் சொல்லட்டுமா என்று உன் அண்ணி கேட்டாள். வேண்டாம் என்றேன். அவர் பதில் வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு வரும்.